ஸ்டென்ட் வைத்த பிறகும் அடைப்பா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து ஒரு மகள்:
அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்ததும், ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவேளைகூட விட்டதில்லை, மாத்திரை எடுத்துக் கொடுத்ததே நான்தான். அப்படியும் கொஞ்ச நாளில் மறுபடி நெஞ்சுவலி. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டியிருந்தது. "மாத்திரை ஒழுங்கா போட்டாரா?" என்று ஆளாளுக்குக் கேட்டதில் அப்பா நொந்துபோனார்.

அப்புறம் பார்த்த டாக்டர்தான் விளக்கினார். குளோபிடோக்ரல் விழுங்கியவுடன் வேலை செய்யாது. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் ரத்தத்தைக் கட்டவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். அந்த நொதிக்கான மரபணு சிலருக்கு மந்தமாக இருக்குமாம், நம் தெற்காசிய மக்களிடம் இது அபூர்வமே இல்லையாம். பரிசோதித்தால், அம்மா வழி அப்பா வழி இரண்டிலும் வந்தது வேலை செய்யாத வகை! அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-லேயே இப்படிப்பட்டவர்களுக்காக குளோபிடோக்ரலின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்திருக்கிறது. அப்பாவுக்கு குளோபிடோக்ரலுக்குப் பதில் டிக்காகிரெலார் 90 மி.கி., காலையும் இரவும் என்று மாற்றினார்கள். அதற்கு இந்த நொதியின் தயவு வேண்டாம். தொடக்கத்தில் மூச்சு வாங்கியது, டாக்டரிடம் சொன்னோம், போகப்போகக் குறைந்தது.

மருந்துக்கடை வைத்திருப்பவர்:
உங்கள் அப்பா விஷயம் மரபணு. ஆனால் கடையில் நான் அதிகம் பார்ப்பது வேறு. குளோபிடோக்ரல் சாப்பிடுபவரே நெஞ்செரிச்சலுக்கு ஓமிப்ரசோல் கேட்டு வருவார். அது அதே நொதியைத்தான் அடக்குகிறது. பேன்டோப்ரசோலில் அந்தத் தொல்லை குறைவு என்பதால் டாக்டரிடம் கேட்டு மாற்றச் சொல்வேன். மூட்டுவலிக்கு ஐபுப்ரூஃபன் போடுபவர்களும் கவனிக்க வேண்டும்: ஆஸ்பிரின் போய் ஒட்டவேண்டிய இடத்தை அது முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். ஆஸ்பிரின் வீணாகிவிடும். பிறகு "எனக்கு மருந்து கேட்கவில்லை" என்பார்கள். தயவுசெய்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் பையோடு எடுத்துப் போங்கள்.

கோவையிலிருந்து ஒரு மருமகள்:
இதைப் படித்துவிட்டு, ஸ்டென்ட் வைத்திருக்கும் மாமியாரிடம் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டேன். கையில் ஊதா ஊதாவாகக் கன்றிப்போனதால் பயந்து, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, பாவம். டாக்டருக்கு போன் செய்தோம். தானாக நிறுத்தவே கூடாது, நேரில் கூட்டி வாருங்கள் என்றார். நாளைக்குப் போகிறோம், கன்றல் உள்ள இடங்களைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.