சுகர் மாத்திரை: இரண்டு மருந்தும் ஒன்றிலா, தனித்தனியாகவா?

கொள்ளிடக்கரை:
அம்மாவுக்கு 71 வயது. கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை, காலையும் இரவும். போன சஷ்டிக்கு விரதம் இருந்தவர், "மாத்திரையை மட்டும் விடக்கூடாது" என்று வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டார். பதினொரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, என்னையே யார் என்று கேட்டார். பக்கத்து வீட்டு மீட்டரில் 48. வயதானவர்களுக்கு இந்தக் கூட்டு மாத்திரையே ஆகாது என்பது என் கட்சி. தனித்தனியாக இருந்திருந்தால் ஒன்றை நிறுத்தி மற்றதைக் கொடுத்திருக்கலாம். மறுக்கிறவர்கள் வரலாம்.

ரிட்டயர்டு வாத்தியார்:
மறுக்கிறேன். 14 வருஷமாக நான் போடுவது இதுதான். பிரஷர், கொலஸ்ட்ரால், தைராய்டு என்று ஏற்கெனவே காலையில் ஐந்து மாத்திரை. இதையும் பிரித்தால் எண்ணி முடிப்பதற்குள் இட்லி ஆறிவிடும். எண்ணிக்கை கூடினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும், அதுவும் ஆபத்துதான். உங்கள் அம்மா விஷயத்தில் தவறியது சாப்பாடு, மாத்திரை அல்ல. கிளிமிபிரைடைத் தனியாக வெறும் வயிற்றில் போட்டாலும் அதேதான் நடந்திருக்கும்.

கொள்ளிடக்கரை:
சார், தனியாக இருந்தால் "இன்று அந்தச் சின்ன மாத்திரை வேண்டாம்மா" என்று சொல்ல வழி இருக்கிறதே. இதில் அந்த வழியே இல்லை. அப்புறம், கூட்டு மருந்துகள் எல்லாமே யோசித்துச் செய்தவை என்று நம்பவும் முடியவில்லை. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. பியோகிளிட்டசோன் என்கிற இன்னொரு சுகர் மருந்தும் சேர்ந்த சில மாத்திரைகள் அந்தப் பட்டியலில் இருந்தன.

ரிட்டயர்டு வாத்தியார்:
நீங்கள் சொல்வது மூன்று மருந்து சேர்ந்தது. நாம் பேசுகிற இரண்டு மருந்து மாத்திரை இன்றும் கடையில் இருக்கிறது. அந்தப் பட்டியலை இதன் தலையில் கட்டாதீர்கள்.

கடைக்குள்ளிருந்து:
நான் மருந்தாளுநர். 22 வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். கிளிமிபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினை வெளியே தள்ள வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. மெட்ஃபார்மின், கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைக் குறைக்கும். அது மட்டும் போடுகிறவர்களுக்குச் சுகர் ஆபத்தாக இறங்குவது அபூர்வம். ஆக, சாப்பாடு தவறினால் கவிழ்ப்பது பாதி மாத்திரைதான். அந்தப் பாதி எது என்று தெரியாமலே முக்கால்வாசிப் பேர் வாங்கிப்போகிறார்கள். "மஞ்சள் அட்டை மாத்திரை கொடுங்க" என்பார்கள்.

பெயருக்குப் பின்னால் வரும் 1, 2 பெரும்பாலும் கிளிமிபிரைடின் அளவு. ஃபோர்ட் என்றிருந்தால் பெரும்பாலும் மெட்ஃபார்மின் 1000. "2 ஸ்டாக் இல்லை, 1-ல் இரண்டு போட்டுக்கோங்க" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கிளிமிபிரைடு சரியாக வரும், மெட்ஃபார்மின் இரட்டிப்பாகிவிடும்.

ரிட்டயர்டு வாத்தியார்:
நல்ல தகவல். நான் குறைவாகச் சாப்பிடும் நாளில் அரை மாத்திரைதான் போடுவேன். கல்யாண வீடு என்றால் பாயசத்துக்காக ஒன்றரை.

கடைக்குள்ளிருந்து:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், 14 வருஷம் தப்பித்தது உங்கள் அதிர்ஷ்டம். இந்த மாத்திரைகள் பலவற்றில் மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., அதாவது மெதுவாகக் கரைகிற வகை. டாக்டரோ மருந்துச் சீட்டோ சொன்னால் தவிர, அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. கூடுதல் அரை மாத்திரை பாயசத்தோடு நிற்காது. பாயசம் இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும், மருந்து ராத்திரி வரை இழுக்கும்.

நெய்வேலி அக்கா:
நான் கொள்ளிடக்கரை தம்பி பக்கம். என் வீட்டுக்காரருக்கு வோக்லிபோஸும் சேர்ந்த மூன்று மருந்து மாத்திரை. ஒரு நாள் சுகர் இறங்கிவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தோம், கால் மணி நேரமாகியும் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில்தான் காரணம் சொன்னார்கள்: நாம் காபியில் போடுகிற சர்க்கரை குடலில் உடைவதையே வோக்லிபோஸ் தடுத்துவிடுமாம். குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டுமாம். இதை முதல் நாளே ஏன் யாரும் சொல்லவில்லை? பிறகு சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் ஏறியதும் மெட்ஃபார்மினைக் குறைக்க வேண்டி வந்தது. கூட்டு மாத்திரையில் ஒன்றை மட்டும் எப்படிக் குறைப்பது? பிரித்துத்தான் எழுதினார்கள்.

கடைக்குள்ளிருந்து:
அக்கா சொல்வது மிகச் சரி. ஈ.ஜி.எஃப்.ஆர். என்கிற சிறுநீரகக் கணக்கு 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. 45-க்குக் கீழே வந்தாலே டாக்டர் அளவை மறுபடி பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிரியாட்டினின் பாருங்கள். சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் இந்த மாத்திரை போடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடிக்கிறவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தம்பி, 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், கால் மணி நேரம் கழித்து மீட்டர், ஏறாவிட்டால் மறுபடியும் அதே. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடால் இறங்கியது ஒரு தடவை ஏறி மறுபடி இறங்கலாம். "சரியாகிவிட்டார்" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வது தப்பு.

கொள்ளிடக்கரை:
நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம். மதியம் மூன்று மணிக்கு மறுபடி 62.

ரிட்டயர்டு வாத்தியார்:
சரி, சிறுநீரகம் கெட்டவருக்குப் பிரிக்கட்டும். எல்லோருக்கும் பிரி என்பதை இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன். விரதம் வருவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டிருந்தால் அந்த நாளைக்கு என்ன செய்வதென்று சொல்லியிருப்பாரே.

கொள்ளிடக்கரை:
கேட்டேன் சார், நடந்த பிறகு. இப்போது தனித்தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார், கிளிமிபிரைடும் 1 மி.கி. தான். விரத நாளில் அது வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு அந்த வரியைப் படிக்க முடிகிறது, அது போதும் எனக்கு.

ரிட்டயர்டு வாத்தியார்:
அம்மா நலமாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது. பாயசத்தை விடுவதாக உத்தேசம் இல்லை, அந்த அரை மாத்திரையை விட்டுவிடுகிறேன்.