முப்பத்தாறு வயதுக் கெர்ஷாவை டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி மீண்டும் ஒப்பந்தம் செய்ய வேண்டுமா?

நீலத்தொப்பி (ஜனவரி 2025)

பக்கத்துத் திரியில் கணக்குப்பிள்ளை என்பவர், "ஏழு ஆட்டங்களில் தெரிந்துபோயிற்று, கிளேட்டன் கெர்ஷாவின் கதை முடிந்தது, இந்த ஆண்டு டாட்ஜர்ஸ் அவருக்குச் சல்லிக்காசுகூடக் கொடுக்கக் கூடாது" என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 2008 மே மாதம் தொடங்கி ஒரே அணிக்காகப் பந்து வீசி, சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை மூன்று முறையும், மிகச்சிறந்த வீரருக்கான எம்விபி விருதை 2014-இலும் பெற்று, 212 வெற்றிகளையும் 2.50 ஈஆர்ஏவையும் (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விடும் ரன்கள், குறைந்தால் நல்லது) கையில் வைத்திருக்கும் ஒருவரை, தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்குப் பின் சென்ற ஆண்டு பாதி சீசனில் திரும்பி வந்து வீசிய சில ஆட்டங்களை வைத்துத்தான் எடை போடுவதா? அதிலும் அவை ஏழு ஆட்டங்கள் அல்ல, ஆறுதான். ஆகஸ்ட் 30 அன்று அரிசோனாவில் கால் பெருவிரல் வலியால் இரண்டாவது இன்னிங்ஸிலேயே வெளியேறியதை ஓர் ஆட்டமாக எண்ணுவது நேர்மையாகாது.

கணக்குப்பிள்ளை

என்னை வம்புக்கு இழுப்பதற்கென்றே தனித்திரி தொடங்கியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆகஸ்ட் 30 அன்று மவுண்டில் (பந்து வீசும் மேட்டில்) ஏறி முதல் பந்தை வீசியவர் கெர்ஷாதானே? அப்படியானால் அது அவருடைய ஆட்டம்தான். பதிவேட்டில் உள்ளதைச் சொல்கிறேன்: ஏழு ஆட்டங்கள், 30 இன்னிங்ஸ், இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி, 4.50 ஈஆர்ஏ. ஜூலை 31 அன்று சான் டியாகோவில் ஒரு பேட்டரைக்கூட அவரால் ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட்) செய்ய முடியவில்லை. தொடக்கப் பிட்சராக (ஆட்டத்தைத் தொடங்கும் பந்து வீச்சாளராக) அவர் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. அதன் பிறகு நவம்பரில் இடது முழங்காலிலும் இடது பெருவிரலிலும் அறுவைச் சிகிச்சை. மார்ச்சில் அவருக்கு 37 வயது முடிகிறது. பாசத்தை வைத்துக்கொண்டு யாரும் ஆறாவது இன்னிங்ஸைத் தாண்டுவதில்லை.

வளைபந்து

கணக்குப்பிள்ளை அவர்களே, கணக்கு என்று வந்த பிறகு முழுக் கணக்கையும் போடுங்கள். 2023-இல் தோள் கிழிந்த நிலையிலும் 24 ஆட்டங்களில் 13 வெற்றி, 2.46 ஈஆர்ஏ என்று முடித்தவர் இவர். உங்கள் அளவுகோலை, சென்ற ஆண்டு நம்மிடமிருந்த பிட்சர் வாக்கர் பியூலர் மீது வைத்துப் பாருங்கள். 2024-இல் 16 ஆட்டங்கள், ஒரே ஒரு வெற்றி, 5.38 ஈஆர்ஏ. நீங்கள் மேனேஜராக இருந்திருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். அவரோ அக்டோபர் 30 அன்று யாங்கீஸின் மைதானத்தில் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்து உலகத் தொடரை (லீக்கின் இறுதிப் போட்டித் தொடரை) வாங்கிக் கொடுத்தார்.

கணக்குப்பிள்ளை

பியூலருக்கு வயது முப்பது. அவரையே டாட்ஜர்ஸ் போகவிட்டது, பாஸ்டன் 21 மில்லியனுக்கு எடுத்துக்கொண்டது என்பதை வசதியாக மறந்துவிட்டீர்கள். 2023-ஐப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறீர்களே, அந்த சீசன் எப்படி முடிந்தது என்று நானே சொல்கிறேன். அக்டோபர் 7, அரிசோனாவுக்கு எதிரான முதல் பிளேஆஃப் (சீசன் முடிவு நாக்அவுட் சுற்று) ஆட்டம், எடுத்தது ஒரே ஒரு அவுட், விட்டது ஆறு ரன்கள். சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்களின் கண்முன்னே.

பணத்தையும் பார்ப்போம். அணியின் மொத்தச் சம்பளம் வரம்பு மீறினால் லீக் விதிக்கும் சம்பள வரியின் உச்ச வரம்பைத் தாண்டிய டாட்ஜர்ஸ், இனிச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 110 சதவீதம் வரி கட்ட வேண்டும். கெர்ஷாவுக்குப் பத்து மில்லியன் என்றால் உண்மையில் போவது 21 மில்லியன். ஏழு ஆட்டங்களுக்கு.

நீலத்தொப்பி

ஆறு ஆட்டங்கள். புதிய பிட்சர் பிளேக் ஸ்னெல்லுக்கு 182 மில்லியனை எடுத்து வைத்த முதலாளிகளுக்காக இவர் வரிக்கணக்குப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்! சென்ற அக்டோபரில் அணியிடம் தொடக்கப் பிட்சர்கள் மூவர்தான் மிஞ்சியிருந்தார்கள், நான்காவது ஆள் இல்லாமல் புல்பென்னிலிருக்கும் மாற்றுப் பிட்சர்களைக் கொண்டு முழு ஆட்டங்களை ஓட்டினார்கள் என்பது நினைவிருக்கிறதா? ஒட்டானி, யமமோட்டோ, சசாகி ஆகிய ஜப்பானியப் பிட்சர்களுக்காக, தொடக்கப் பிட்சர்கள் ஆறுபேர் மாறி மாறி வீசும் சுழற்சி என்று முடிவாகியிருக்கும் இந்த ஆண்டில் ஆள்பலம் இன்னும் கூடுதலாக வேண்டும். கெர்ஷாவை 60 நாள் காயப்பட்டியலில் போட்டுவிட்டால் அணி வைத்துக்கொள்ளும் நாற்பது வீரர் பட்டியலில் இடம்கூடச் செலவாகாது.

ஆரஞ்சுக்கொடி

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு வார்த்தை. 2019 முடிவில் பிட்சர் மாடிசன் பம்கார்னரை எங்கள் அணியான ஜயன்ட்ஸ் போகவிட்டபோது நாங்களும் இப்படித்தான் புலம்பினோம். அரிசோனா ஐந்து ஆண்டுகளுக்கு 85 மில்லியன் கொடுத்துக் கூட்டிச்சென்று, 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் முடியும் முன்பே வெளியே அனுப்பியது. உலகத் தொடரைத் தூக்கித் தந்தவரிடமிருந்து பிரியத் தெரிவதும் நிர்வாகத் திறமைதான்.

வளைபந்து

இந்த மாதம்தான் உங்கள் நிர்வாகம் நாற்பத்தொரு வயது ஜஸ்டின் வெர்லாண்டரை, சென்ற ஆண்டு 17 ஆட்டங்களில் 5.48 ஈஆர்ஏ வைத்திருந்தவரை, 15 மில்லியன் கொடுத்து வாங்கியிருக்கிறது. பிரியத் தெரிந்தவர்கள் அடுத்த அணியின் தாத்தாவை எதற்காகத் தேடிப் போனீர்கள்?

ஆரஞ்சுக்கொடி

முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பின் 39 வயதில் 1.75 ஈஆர்ஏவோடு சை யங் வாங்கிய மனிதரைத் தாத்தா என்கிறீர்கள். கெர்ஷா அந்த விருதைக் கடைசியாக வாங்கியது 2014-இல்.

கணக்குப்பிள்ளை

வெர்லாண்டர் விவகாரத்தை நீங்கள் இருவரும் வெளியே வைத்துப் பேசிக்கொள்ளுங்கள். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன்: 17 ஆட்டங்கள் ஆடியவரைப் பற்றி ஏதோ ஒரு முடிவுக்காவது வரலாம். எங்கள் பிரச்சினையே ஏழு என்ற எண்தான்.

பழையரசிகை

ஏழு என்பது ஒருவரைத் தீர்த்துக்கட்டப் போதாத எண் என்பதைத்தானே நீலத்தொப்பி முதலிலிருந்து சொல்கிறார்! இவ்வளவு பேசுகிறவர்கள் 2022 ஏப்ரல் 13-ஐப் பற்றி வாய் திறக்கவில்லை. மினியாபொலிஸில் ஏழு இன்னிங்ஸ், 13 ஸ்டிரைக்அவுட், ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை; ஒன்பது இன்னிங்ஸும் அப்படியே முடிந்தால் அரிதான 'பெர்ஃபெக்ட் கேம்'. வீசியது 80 பந்துகள்தான், ஆனால் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அவரை வெளியே எடுத்தார். அந்தக் குளிர் நாளை நான் இன்றும் மன்னிக்கவில்லை. இந்த அணி அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

கணக்குப்பிள்ளை

அம்மா, கெர்ஷாவே அந்த முடிவை ஏற்றுக்கொண்டு பேசினார். அவர் மன்னித்த பிறகும் நீங்கள் மன்னிக்க மறுப்பது உங்கள் உரிமை. ஆனால் 34 வயதிலேயே எண்பது பந்துகளுக்கு மேல் அவரை நம்ப முடியாத நிலை இருந்தது என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

நீலத்தொப்பி

அது லாக்அவுட் (அணி முதலாளிகளின் கதவடைப்பு) நடந்த ஆண்டு. பயிற்சி முகாமே சுருங்கிப்போன ஏப்ரல் மாதத்தில் எந்தப் பிட்சரும் முழு ஆயத்தத்தோடு இருக்கவில்லை. இதையெல்லாம் மறைப்பது கணக்குப்பிள்ளைக்குப் புதிதல்ல. 2019 பிளேஆஃபில் கெர்ஷாவின் பந்தில் வாஷிங்டனின் ரெண்டானும் சோட்டோவும் எட்டாவது இன்னிங்ஸில் அடுத்தடுத்து ஹோம்ரன் அடித்த மறுநாள் காலையில், "கெர்ஷாவை விற்றுவிடுங்கள்" என்று முதலில் எழுதியவர் இதே நபர்தான். அடுத்த ஆண்டே கெர்ஷா இரண்டு உலகத் தொடர் ஆட்டங்களை வென்று கோப்பை வந்தபோது ஒரு மாதம் ஆளையே காணோம்.

கணக்குப்பிள்ளை

எனக்கும் வேலை, குடும்பம் உண்டு. ரெண்டான், சோட்டோ என்று நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. நான் மரியாதை கருதி அதைச் சொல்லாமல் இருந்தேன். இங்கே பலருக்கும் உண்மையான நோக்கம் வேறு. 3,000 ஸ்டிரைக்அவுட்டுக்கு அவருக்கு இன்னும் 32 வேண்டும், அதை நீலச் சட்டையில் பார்க்க வேண்டும். அதை நேராகச் சொல்லிவிட்டுப் போங்களேன். சென்ற ஆண்டு 30 இன்னிங்ஸில் எடுத்தது 24. அதே வேகத்தில் 32-க்கு 40 இன்னிங்ஸ் வேண்டும். ஒரு தனிமனிதரின் மைல்கல்லுக்காக அந்த நாற்பது இன்னிங்ஸை இளைஞர்களிடமிருந்து பறிக்க வேண்டுமா?

பழையரசிகை

ஆம், பார்க்க வேண்டும். அதில் எனக்கு வெட்கமே இல்லை. நவம்பர் ஊர்வலத்தன்று மைதானத்தில் நின்று, வாழ்நாள் முழுக்க டாட்ஜர்தான் என்று அத்தனை பேர் முன்னிலையில் அவர் சொன்னார். நீங்கள் சொல்லும் இளைஞர்கள் யார்? சசாகி சென்ற ஆண்டு ஜப்பானில் வீசியதே 111 இன்னிங்ஸ். கிளாஸ்னோ 134 இன்னிங்ஸோடு முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவர் வாழ்க்கையிலேயே அதிகம் அதுதான். ஒட்டானி 2023-க்குப் பிறகு ஒரு பந்துகூட ஆட்டத்தில் வீசவில்லை.

கணக்குப்பிள்ளை

நான் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஏற்கெனவே ஆஸ்பத்திரி வார்டுபோலக் கிடக்கும் பிட்சிங் வரிசைக்கு, கால், முழங்கால், தோள் மூன்றிலும் கத்தி பட்ட இன்னொரு நோயாளியைக் காசு கொடுத்துச் சேர்ப்பானேன்?

வளைபந்து

ஆரஞ்சுக்கொடி இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. 5.48 ஈஆர்ஏவுக்கு 15 மில்லியன் தகும் என்றால், 4.50 ஈஆர்ஏவுக்கு எவ்வளவு தகும்?

ஆரஞ்சுக்கொடி

அதைக் கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள், வரியோடு சேர்த்துச் சொல்வார்.