கோடை மழைக்கு முன்னால் ஏரியில் விரால் பிடித்தவர்கள், உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பத்தான்:

போன பங்குனி கடைசி வாரம், பெருமாள் ஏரி. குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு மதியம் மூன்று மணிக்கு இறங்கினேன். ஏழடி ராட், 30 எல்பி பிரெய்டு (பின்னல் நூல்), பச்சைத் தவளைப் பொம்மைத் தூண்டில். வழக்கமான சாமான்தான். நான்கு மணி வரை ஒரு தட்டுகூட இல்லை. அப்புறம் கடல் காற்று பட்டென்று நின்றுவிட்டது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் வானம் ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் விரால் எப்படி வெறி பிடித்து அடிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது நிமிடத்தில் மூன்று. ரீல் வேறு ஏதோ ஙொய் என்று சத்தம் போட்டது, வீட்டுக்குப் போய் எண்ணெய் போடணும் என்று நினைத்துக்கொண்டே வீசினேன்.

அல்லி இலைகளுக்கு நடுவில் குங்குமத்தைக் கரைத்துவிட்ட மாதிரி ஒரு திட்டு. விரால் குஞ்சுகள். பார்த்ததுமே தெரிந்தது. தெரிந்தும் வீசினேன். தவளை அந்தத் திட்டைத் தாண்டி விழுந்து இரண்டு முறை துள்ளியது, மூன்றாவதில் தண்ணீர் பிளந்தது. ரெண்டே கால் கிலோ. சாக்கில் போட்டுக் கட்டிவிட்டுத் திரும்பினால் குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன, பால் பொங்குகிற மாதிரி கொப்பளிக்கிறது. நீர்க்காகம் ஒன்று நேராக அந்த இடத்தில் முங்கி எழுந்தது. மறுபடி முங்கியது. சாக்குக்குள் இருந்த மீன் என் காலருகே டம் டம் என்று வாலால் அடித்துக்கொண்டிருந்தது. அவிழ்த்து விட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. அதற்குள் மழை கொட்டியது, சாக்கைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடிவிட்டேன்.

ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த டம் டம் சத்தம் போகவில்லை. தாய் போனபிறகு அந்தக் குஞ்சுகள் பிழைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாகூர்க்காரன்:

தம்பி, கேட்டதற்கு முதலில் பதில். விராலில் தாயும் தகப்பனும் சேர்ந்துதான் கூடு கட்டும், குஞ்சு காவலும் சேர்ந்துதான். காவலில் ஆணுக்குப் பங்கு அதிகம். நீங்கள் பிடித்தது எது என்று பார்த்தீர்களா? ஒன்று போனாலும் மற்றது நின்றிருக்க வாய்ப்பு உண்டு. அதற்காக நீங்கள் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். செம்புள்ளி தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டுவதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம்.

என் அனுபவம் வேறு மாதிரி. பாகூர் ஏரி, ஒரு சித்திரை மாதம். தண்ணீர் பாதிக்கும் கீழே. மூன்று நாள் வெயில் இல்லை, புழுக்கம் மட்டும். நான்காம் நாள் ராத்திரி அரை மணி நேர மழை, கூடவே கச்சான், அதான் மேல்காற்று. விடிந்ததும் தூண்டிலோடு போனேன். கரையில் கால் வைப்பதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டது. சப், சப், சப். ஏரி முழுக்க. கெண்டையும் ஜிலேபியும் ஆயிரக்கணக்கில் தலையை மேலே நீட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. கிட்டே போனாலும் ஓடவில்லை. பிள்ளைகள் கூடை கொண்டுவந்து அள்ளினார்கள். ஏரிக்கு யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு, சண்டைகூட ஆனது. மருந்து இல்லை. சூடான தண்ணீரில் காற்று குறைவாகத்தான் கரையும். மேகமூட்டத்தில் பாசியும் பகலில் அதிகம் ஆக்சிஜன் விடாது, ராத்திரியோ இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். அதன்மேல் மழையும் காற்றும் அடிச்சேற்றைக் கலக்கிவிட்டால் மீனுக்கு மூச்சு ஏது?

அத்தனைக்கும் நடுவில் கோரை ஓரமாக ஒரு விரால், கையகலத் தண்ணீரில், அசையாமல் கிடந்தது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்று எடுத்துவிட்டுக் கீழே போகும். அது காற்றை நேராகவே மூச்சு வாங்கும் மீன், அதற்கு ஒரு குறையும் இல்லை. என்னைப் பார்த்தது. நான் தூண்டிலைப் பிரிக்கவே இல்லை. சுற்றிலும் அந்தச் சப் சப் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது கை வரவில்லை.

ஃபோர்க் ஏரி போய் வந்தவன்:

எனக்குச் சொந்த ஊர் நெல்லிக்குப்பம், ஆறு வருடம் டெக்சாஸில் வேலை. மஞ்சக்குப்பத்தார் எழுதியதைப் படித்ததும் அங்கே பார்த்த ஒன்று ஞாபகம் வந்தது.

ஃபோர்க் ஏரியில் மார்ச் மாதம் என்றால் பாஸ் மீன் முட்டையிடக் கரையோரம் வரும். தண்ணீர் 15, 16 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் ஆண் மீன் வாலால் தரையைக் கூட்டி வட்டமாகக் கூடு போடும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காவல் முழுக்க ஆண்தான். ஒரு வெள்ளிக்கிழமை அரைக்கைச் சட்டையோடு படகில் நின்றேன், தெளிந்த தண்ணீரில் கூடுகள் தட்டுத் தட்டாகத் தெரிந்தன. அன்று ராத்திரி வடக்கே இருந்து குளிர்காற்று இறங்கியது. மறுநாள் காலை பனியன், ஸ்வெட்டர், கோட்டு எல்லாம் போட்டும் பல் தந்தியடித்தது. வானம் மட்டும் துடைத்த மாதிரி நீலம். கூடுகள் எல்லாம் காலி. ஒன்றே ஒன்றில் மட்டும் ஒரு ஆண் பாஸ் நின்றது. என் புழுத் தூண்டிலை மூக்குக்கு நேராக இறக்கினேன். கடிக்கவில்லை, விலகவும் இல்லை. வாயால் கவ்வி, கூட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பிவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. மூன்று முறை இறக்கினேன், மூன்று முறையும் அதையே செய்தது. எத்தனை மீன் பிடித்திருக்கிறேன், மறந்தும் போனேன். அந்தப் பிடிக்காத மீன் மட்டும் மறக்கவில்லை.

அந்த ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை எடுத்துப் போகவே கூடாது, விட்டுவிட வேண்டும். 1992-இல் 18.18 பவுண்டு, அதாவது எட்டேகால் கிலோ பாஸ் அங்கேதான் கிடைத்தது, இன்றைக்கும் டெக்சாஸ் மாநிலச் சாதனை அதுதான். நம் ஏரிகளிலும் பெரிய விராலை விட்டுவிட்டால் என்ன? இன்னொன்று, வானிலை மாறினபிறகு தூண்டிலை மெதுவாக இழுங்கள், சின்னத் தூண்டில் போடுங்கள், செடி ஓரமாகவே போடுங்கள். காற்றழுத்தம் ஏறினால் மீன் வாயைக் கட்டிக்கொள்ளும், அப்போது வேகமாக இழுத்தால் ஒன்றும் வராது.

பாகூர்க்காரன்:

அந்த பாஸ் கதை நன்றாக இருந்தது தம்பி, உண்மையாகவே. ஆனால் அந்த ஊர்க் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். நம் ஏரியில் ஒரே ராத்திரியில் தண்ணீர் சில்லிட்டுப் போகிறதா? பங்குனியிலும் சித்திரையிலும் மழைக்கு மறுநாள்தான் விரால் அதிகம் அலையும், மெதுவாக இழுத்தால் முன்னால் ஜிலேபி வந்து நோண்டிக்கொண்டிருக்கும். இங்கே பார்க்க வேண்டியது காற்று. கொண்டல் (கீழ்க்காற்று) நின்று கச்சான் கிளம்புகிறதா, அவ்வளவுதான். மதியம் ரெண்டு மணிக்குக் கடல் காற்று எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று பனையோலையைப் பார்த்தே என் பாட்டனார் சொல்லுவார்.

பெரிய மீனை விடச் சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் விளையாட்டுக்குப் பிடிக்கிறவர்களும் சமையலுக்குப் பிடிக்கிறவர்களும் ஒன்றில்லை. ஏரிக்குக் குத்தகைப் பணம் கட்டினவர் விட மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

லால்பேட்டை பக்கம்:

எல்லோரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். மேகம் கறுக்கும்போது ராட் வீசினேன் என்று மஞ்சக்குப்பத்தார் எழுதியிருக்கிறார், ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

வீராணம் ஏரி, கீழ்க்கரை. பதினான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தக் கரை மேல் மனிதனை விட உயரமாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனைதான். இடி தூரத்தில்தான் கேட்டது. வீசினேன். நூல் தண்ணீரில் விழவில்லை. காற்றிலேயே வளைந்து நின்றது, சிலந்தி நூல் மாதிரி, மேல்நோக்கி. ராட்டின் நுனியில் தேனீ மாதிரி ஙொய் என்று சத்தம். கை முடி எல்லாம் எழுந்து நின்றது. ராட்டை வீசிவிட்டுச் சரிவில் உருண்டேன். அரை நிமிடம் இருக்கும், எனக்கு வடக்கே இருந்த பனையின் மண்டையில் இறங்கியது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக. அவ்வளவுதான் என் கதை.

இனி சொல்வதைத் தயவுசெய்து படியுங்கள். நம் ராட் எல்லாம் கார்பன், மின்சாரம் அதில் நன்றாகப் பாயும். ஏழடிக் கம்பியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் நிற்கிறீர்கள். மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள். இடி கேட்க மூன்று நொடி ஆனால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கிளம்ப வேண்டும். மழை இன்னும் வரவில்லை என்று நிற்காதீர்கள், மழை இல்லாத இடத்திலும் மின்னல் இறங்கும். மரத்தடிக்கு ஓடாதீர்கள், பனையடிக்கு ஓடவே ஓடாதீர்கள். மோட்டார் பைக்கில் உட்கார்ந்தால் பாதுகாப்பில்லை, கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருந்தால் பரவாயில்லை. மதகுக் கட்டைச் சுவரில் சாயக் கூடாது, கம்பி வேலியைத் தொடக் கூடாது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கரைச் சரிவில் இறங்கி, காலிரண்டையும் சேர்த்துக் குத்தவைத்து உட்காருங்கள், படுக்காதீர்கள். நண்பர்களோடு போனால் ஒட்டி நிற்காமல் தள்ளித் தள்ளி நில்லுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஏரிக்கரைக்குப் போக வேண்டும். யாருக்காவது அடித்துவிட்டால் தொடப் பயப்படாதீர்கள், உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சும் நாடியும் இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டு 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். மின்னல் அடித்தவர் செத்துவிட்டார் என்று விட்டுவிடுகிறார்கள், பிழைக்க வைக்க முடிகிறவர்களும் அதில் உண்டு.

வில்லியனூர் மகள்:

நான் தூண்டில் போடுகிறவள் இல்லை. அப்பா போடுவார். ஊசுட்டேரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 2008-இல், நான் சொல்வது அதற்கெல்லாம் ரொம்ப முந்தி.

எனக்குப் பத்து வயது. சித்திரையில் ராத்திரி மழை. அப்பாவும் நானும் குடை இல்லாமல் ஏரிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம், டார்ச் என் கையில். ரோட்டில் ஏதோ நெளிந்தது. பாம்பு என்று கத்திவிட்டேன். விரால். புல்லில் இருந்து தார் ரோட்டுக்கு ஏறி, எதிர்ப்பக்கம் இருந்த குட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கத் துடுப்பை ஊன்றி உடம்பை ஒரு வெட்டு வெட்டும், ஒரு சாண் நகரும். நிற்கும். வாயைத் திறந்து மூடும். மறுபடி ஒரு வெட்டு. தோலில் சேறும் சின்னக் கல்லும் ஒட்டியிருந்தன. அது இருந்த இடத்தில் தண்ணீர் வற்றியிருக்கும், மழை ஈரம் கிடைத்ததும் கிளம்பிவிட்டது என்றார் அப்பா. பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வீட்டில் குழம்புக்கு ஒன்றும் இல்லை, அது எனக்கே தெரியும். அவர் பதில் சொல்லவில்லை. லாரி ஏதாவது வருகிறதா என்று ரெண்டு பக்கமும் பார்த்தார். அது ரோட்டைக் கடக்கும்வரை டார்ச்சை அதன் மேலேயே பிடிக்கச் சொன்னார். கடைசியில் புல்லுக்குள் போகும்போது மட்டும் வாலில் லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

மஞ்சக்குப்பத்து அண்ணா, குஞ்சுக்கூட்டம் இருந்த இடத்தை மறுபடி போய்ப் பார்த்தீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

பாகூர்க்காரன்:

அம்மா, ரோட்டைக் கடக்கிற விராலை நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் ஐப்பசி கார்த்திகையில்தான். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறிய மறுநாள் எங்கள் தெருவிலேயே ஓடியது. சித்திரை மழைக்கு ரோடு ஏறும் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஏரி அந்த அளவுக்கு வற்றியிருந்தால் ஏறும்தான்.

லால்பேட்டைக்காரரே, நீங்கள் எழுதியதை அப்படியே எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அனுப்பிவிட்டேன்.

மஞ்சக்குப்பத்தான்:

பார்த்தேன் தங்கச்சி. மூன்றாம் நாள் போனேன், ராட் இல்லாமல். அல்லிக் கூட்டம் மழையில் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அரை மணி நேரம் தேடியபிறகு ஒரு கையளவு சிவப்பு தெரிந்தது. அன்று இருந்ததில் கால்வாசிகூட இல்லை. அதே கூட்டம்தானா, வேறா, எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஏதோ பெரிதாக ஒரு முறை மேலே வந்து காற்று எடுத்துவிட்டு இறங்கியது. பாகூர் அண்ணன் சொன்ன மாதிரி அது தகப்பனாக இருக்கலாம்.

லால்பேட்டை அண்ணே, உங்கள் பதிவை நேற்று ராத்திரி படித்துவிட்டு எழுந்து போய் ரீலை எடுத்தேன். அன்றைக்கு ஙொய் என்று கத்தியதே, அந்த ரீல்தான். எண்ணெய் போடவேண்டும் என்று நினைத்தேனே தவிர, ஒரு வருடமாகப் போடவே இல்லை. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வேகமாக, மெதுவாக, நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எப்படிச் சுற்றினாலும் அதில் ஒரு சத்தமும் இல்லை.