கண்டம் ஆறா, ஏழா? "அமெரிக்கர்" என்று யாரைச் சொல்வது?

பெருங்குடி_வாசி:
எங்கள் டீமில் கொலம்பியாக்காரர் ஒருவர் இருக்கிறார். கிளையன்ட் பற்றிப் பேசும்போது "அமெரிக்கர்கள் எப்போதும் இப்படித்தான் கேட்பார்கள்" என்றேன். "நானும் அமெரிக்கன்தான்" என்று உடனே மறுத்தார். அவர்கள் பள்ளிகளில் வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் சேர்ந்து ஒரே கண்டம் என்றுதான் பாடம். எனக்கு அவர் சொல்வதே நியாயமாகப் படுகிறது. 1507இல் வால்ட்சேமுல்லரின் வரைபடத்தில் முதன்முதலாக அமெரிக்கா என்று எழுதியது இன்றைய தென் அமெரிக்காவின் மேல். அமெரிக்க ஐக்கிய நாடுகள் விடுதலை அறிவித்ததே 1776இல்தான். பெயரை ஒரே நாடு மொத்தமாக எடுத்துக்கொண்டது எப்படிச் சரியாகும்?

மயிலை_குமரன்:
பெயர் யாருக்கு முதலில் கிடைத்தது என்பதா முக்கியம், கேட்பவருக்கு என்ன புரிகிறது என்பதா? அமெரிக்கா மாப்பிள்ளை என்று சொன்னால் எந்தப் பெண் வீட்டிலும் பிரேசிலா, பெருவா என்று கேட்க மாட்டார்கள். ஆட்சிப் பெயரிலேயே அமெரிக்கா என்ற சொல் இருக்கும் நாடு உலகத்தில் அது ஒன்றுதான். ஐக்கிய நாட்டுக்காரர் என்று சொல்லலாமே என்பீர்கள், மெக்சிகோவின் முழுப் பெயரும் மெக்சிக ஐக்கிய நாடுகள்தான், அப்போது என்ன செய்வீர்கள்? பெரும்பாலான கனடாக்காரர்களை அமெரிக்கர் என்று கூப்பிட்டுப் பாருங்கள், ரசிக்க மாட்டார்கள். கண்டத்தை ஒன்று என்பதும் இரண்டு என்பதும் வெறும் வழக்கம். நம் ஊரில் ஏழு என்றால் ஏழு.

கிண்டி_பாறை:
வெறும் வழக்கம் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. நான் புவியியல் படித்தவன். பல்லாவரம் பக்கம் குன்றுகளைப் பாருங்கள், சாம்பலில் நீலம் கலந்த கல், புதிதாக உடைத்த இடத்தில் எண்ணெய் தடவியது போல மினுங்கும். அதுதான் சார்னோக்கைட். இங்கிருந்து போன கல்லைத்தான் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் வைத்தார்கள், அதனால்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரைக் கொடுத்தார். சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. ஆழ்கடல் தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேல் பழைய பாறை அநேகமாகக் கிடையாது, கனம் அதிகமானதால் அது திரும்ப உள்ளே அமிழ்ந்துவிடும். கண்டத்தின் ஓடு, அதாவது பூமியின் மேல் பாறை அடுக்கு, லேசானது, சராசரியாக 35 கிலோமீட்டருக்கு மேல் தடிமன், அதனால் மேலேயே நிற்கிறது. கடலடி ஓடு 7 கிலோமீட்டர்தான். ஆக கண்டம் என்று ஒரு பொருள் உண்மையிலேயே இருக்கிறது, மெரினாவில் அலை தொடும் இடத்தில் அது முடிவதும் இல்லை, தண்ணீருக்கடியில் கண்டத்திட்டாக இன்னும் தூரம் போகிறது. இதை வைத்துத்தான் 2017இல் நியூசிலாந்தைச் சுற்றிய ஜீலாண்டியாவை ஒரு கண்டம் என்று முன்மொழிந்தார்கள். 49 லட்சம் சதுர கிலோமீட்டர், 94 சதவீதம் கடலுக்குள்.

பெரம்பூர்_டீச்சர்:
கல் உண்மைதான் சார். அந்தக் கல்லின் கணக்குப்படி ஐரோப்பா எங்கே போயிற்று?

கிண்டி_பாறை:
தனிக் கண்டமாக இருக்காது டீச்சர். ஆசியாவோடு ஒரே நிலம். யூரல் மலை இரண்டு நிலங்கள் மோதி ஒட்டிய பழைய தையல். அதை எல்லை என்றால், சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் மோதி ஒட்டிய நம் இமயமலையும் எல்லைதான், அப்போது இந்தியாவும் கண்டம் ஆகவேண்டும்.

பெரம்பூர்_டீச்சர்:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். பழங்காலத்தில் ஐரோப்பாவின் எல்லை டான் ஆறு. அதை யூரலுக்கு நகர்த்தியவர்கள் 18ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ராலன்பர்க், டடிஷ்சேவ் போன்ற புவியியல் அறிஞர்கள், ரஷ்யா ஐரோப்பிய வல்லரசாகத் தலையெடுத்த காலம் அது. கோடு போட்டபின் அது ஆட்களைப் பிரிக்கவும் உதவுகிறது. 1987இல் மொராக்கோ ஐரோப்பியச் சமூகத்தில் சேர விண்ணப்பித்தது, ஐரோப்பிய நாடு இல்லை என்று திருப்பினார்கள். வரைபடத்தில் ஆசியாவில் கிடக்கும் சைப்ரஸ் 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அமெரிக்காவின் 1917 குடியேற்றச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆசியக் கண்டத்தில் கிழக்குத் தீர்க்கரேகை 50க்கும் 110க்கும் நடுவே பெரிய பகுதியைக் குறித்து, அங்கிருந்து வருவோரைத் தடுத்தது. சென்னை 80, உள்ளே மாட்டிக்கொண்டது. 1923இல் இந்தியரான பகத் சிங் திந்த் வழக்கில், முதல் உலகப் போரில் அந்த நாட்டு ராணுவத்தில் இருந்தவருக்கே, வெள்ளையர் இல்லை என்று சொல்லி, குடியுரிமை கிடையாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நாட்டின் 1970 கணக்கெடுப்பு நம்மவர்களை வெள்ளையர் பட்டியலில் சேர்த்தது, 1980இல் ஆசிய இந்தியர் என்று மாற்றியது. பத்து வருஷத்தில் மனிதர்களா மாறினார்கள்? குழந்தைகளுக்கு ஏழு என்று சொல்லித்தரும்போதே இதையும் சொல்லித்தர வேண்டும்.

பெருங்குடி_வாசி:
டீச்சர் சொல்வதுதான் என் வாதமும். கண்டத்தின் பெயரை எடுத்துக்கொள்பவர் யார், இழப்பவர் யார் என்று பார்க்காமல் வழக்கம் என்று விட்டுவிட முடியாது.

மயிலை_குமரன்:
திந்துக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் டீச்சர், நீங்கள் சொன்ன சட்டத்தையே இன்னொரு முறை பாருங்கள். ஆசியா என்ற சொல் மட்டும் போதவில்லை என்றுதான் டிகிரி கணக்குப் போட்டார்கள், அதற்குள்ளேயே ஈரான் இருக்கும் பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி விலக்கும் கொடுத்தார்கள். ஜப்பானும் அந்தக் கோட்டுக்குள் இல்லை, ஆசியாதானே அது? யாரை உள்ளே விடக்கூடாது என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் கோட்டை இழுத்திருக்கிறார்கள். கண்டம் ஆறு என்று எழுதியிருந்தாலும் ஐந்து என்று எழுதியிருந்தாலும் அதே ஆட்கள்தான் தடுக்கப்பட்டிருப்பார்கள்.