லண்டனில் நான் பார்த்த ஒரு விக்டோரியக் குடும்ப வீடு

லண்டனில் பழைய வீடு ஏதாவது பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களை நான் கென்சிங்டனுக்குப் போகச் சொல்வேன். அங்கே ஸ்டாஃபர்டு டெரஸில் 18ஆம் எண் வீடு. 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழுக்குக் கார்ட்டூன் வரைந்த லின்லி சாம்போர்னும் மனைவி மேரியனும் 1875இல் குடியேறிய வீடு அது.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த வரிசையில் இன்னொரு வீடு, அவ்வளவுதான். அகலம் குறைவு என்பதால் எல்லாம் மாடி மாடியாக ஏறுகிறது. கீழே நிலவறையில் சமையல், அதற்கு மேல் சாப்பாட்டு அறை, முதல் மாடியில் முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை நீளும் வரவேற்பறை, உச்சியில் பணிப்பெண்ணின் அறை. அந்தப் படிகளை ஏறும்போது பணிப்பெண்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

என்னை அசையவிடாமல் நிறுத்தியது சுவர்தான். நெருக்கி நெருக்கிப் படங்கள். முதலில் ஒட்டியிருந்தது அந்தக் காலத்துப் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் சுவர்த்தாள். அப்புறம் தோல் போலப் புடைப்பு வேலை செய்த, பொன்னிறம் மின்னும் தாளின் மேல் சாம்போர்னுக்கு ஆசை வந்தது. விலையோ அதிகம். அதனால் படங்கள் மறைக்கும் இடங்களில் புதுத்தாளை ஒட்டாமல் பழையதையே விட்டுவிட்டார். படத்தை நகர்த்தினால் மாரிஸ் இன்னும் அங்கே இருக்கிறார்! கையில் உள்ள பணத்துக்குள் வீட்டை அழகாக்கத் துடித்த ஒரு மனிதரை இதைவிட நெருக்கமாகப் பார்க்க முடியாது.

குளியலறையையும் தவறவிடாதீர்கள். கார்ட்டூனுக்கு மாதிரி வேண்டும் என்றால் சாம்போர்ன் வீட்டாரையும் வேலைக்காரர்களையும் நிற்கவைத்துப் புகைப்படம் எடுப்பார். தானும் வேடம் போட்டு நிற்பார். படங்களைக் கழுவியது குளியல் தொட்டியில்!

இவ்வளவும் மிஞ்சியதற்குக் குடும்பம்தான் காரணம். மகன் ராய் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1946இல் இறக்கும்வரை பெரிதாக எதையும் மாற்றாமல் வைத்திருந்தார். பிறகு வீட்டைக் காத்தவர் சாம்போர்னின் பேத்தி ஆன். விக்டோரியக் கட்டடம் என்றாலே அசிங்கம் என்று இடித்துத் தள்ளிய காலம் அது. 1957 நவம்பரில் ஆன் தன் நண்பர்களை இந்த வீட்டுக்கு அழைத்து, அந்தக் கட்டடங்களைக் காப்பது பற்றிப் பேசினார். கவிஞர் ஜான் பெட்ஜமனும் அந்த முயற்சியில் இருந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் விக்டோரியன் சொசைட்டி. நாட்டின் எத்தனையோ கட்டடங்களுக்காக அது இன்றும் வாதாடுகிறது. வீடு 1980இல் லண்டன் பெருநகர சபையின் கைக்கு வந்து, மக்கள் பார்க்கத் திறக்கப்பட்டது.

நடக்கும் தூரத்திலேயே ஓவியர் ஃபிரடெரிக் லெய்டனின் வீடும் இருக்கிறது. அங்குள்ள அரபு மண்டபம் கண்ணைப் பறிக்கும். ஆனாலும் முதலில் சாம்போர்ன் வீட்டுக்குப் போங்கள், நேரத்தை அங்கேயே அதிகம் செலவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் படிகளை மனதில் வைத்துக் கிளம்புங்கள்.