டி.எஸ்.பாலையா: "கேட்கும் நடிப்பு" சொல்லித்தர எந்தக் காட்சிகள்?

கொட்டகை:
அமெச்சூர் நாடகக் குழு ஒன்றுக்கு ஒருநாள் பயிற்சி நடத்த வேண்டும். பிள்ளைகளுக்கு வசனம் நன்றாக வருகிறது. எதிராளி பேசும்போதுதான் சிக்கல்: ஒன்று மரம் மாதிரி நிற்கிறார்கள், இல்லையென்றால் வரிக்கு வரி முகத்தைச் சுளிக்கிறார்கள். பாலையாவை வைத்தே பாடம் எடுக்கலாம் என்று யோசனை. 1936இல் 'சதி லீலாவதி'யில் வில்லனாகத் தொடங்கியவர், அறுபதுகளில் அப்பா, பாகவதர், தவில்காரர் என்று எதையும் செய்தார். எந்தக் காட்சி, அதில் எதைக் காட்டுவது?

பழையரீல்:
சந்தேகமே வேண்டாம், 'காதலிக்க நேரமில்லை' (1964). செல்லப்பா (நாகேஷ்) தான் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையை அப்பா விஸ்வநாதனுக்கு (பாலையா) சொல்லும் இடம். எல்லோர் கண்ணும் நாகேஷ் மேலேயே போகும். அதனால் முதல் தடவை முழுதாகப் போட்டுவிட்டு, இரண்டாம் தடவை சத்தத்தை அடைத்து, பாலையாவை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பயம் ஒரேயடியாக வருவதில்லை. முதலில் "இவன் என்ன பெரிய படம் எடுத்துவிடப்போகிறான்" என்ற அலட்சியம். அப்புறம் தன்னையறியாமல் கதைக்குள் இழுபடுகிறார். கிலி அதற்குப் பிறகுதான். நாகேஷ் போடும் சத்தம் காதில் விழுந்து, உறைத்து, பிறகே உடம்பு அதிர்கிறது. அந்த நூலிழை தாமதம் போனால் சிரிப்பும் போயிற்று.

பயிற்சிக்கு இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் 3 நிமிடம் கதை சொல்ல, மற்றவர் கேட்க வேண்டும். முதல் சுற்றில் கேட்பவருக்கு மூச்சு மட்டுமே மாறலாம். இரண்டாவதில் கண்ணும் சேரும், மூன்றாவதில் கையும் முதுகும். முகம் கடைசி. வழக்கமாக என்ன ஆகும் என்றால், புருவத்தில் ஆரம்பித்து முதல் அரை நிமிடத்திலேயே மொத்தப் பயத்தையும் செலவழித்துவிடுவார்கள். மீதி நேரம் அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும். சுற்றுக்குச் சுற்று கதையை மாற்றுங்கள். வரப்போவது தெரிந்துவிட்டால் கேட்பவர் முந்திக்கொண்டு பதறுவார்.

இதன் இந்தி மறு ஆக்கம் 'ப்யார் கியே ஜா' (1966). அதே இடத்தில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும். பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால் ஒரு மணி நேரம் பேசலாம்.

நெடுந்திரை:
நகைச்சுவையிலிருந்து ஆரம்பிப்பது எனக்கு உடன்பாடில்லை. மாணவர்கள் அதன் சேட்டையை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். 'திருவிளையாட'லை (1965) முதலில் காட்டுங்கள். அதில் இரண்டு பாலையா. அரசவையில் 'ஒரு நாள் போதுமா' பாடும் ஹேமநாத பாகவதர் ஒருவர். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, மாண்டு, தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகம் மாறிக்கொண்டே போகிறது. வாயசைப்பு சரியாக இருப்பதோடு நின்றுவிடாமல், பாடி முடித்த வரிக்குச் சபையில் பலன் கிடைத்ததா என்று பார்க்கிற அந்தக் கர்வத்தைக் கவனியுங்கள். மற்றவர், அதே பாகவதர்தான், இரவில் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு ஒடுங்கிப்போகிறவர். முதல் ஆள் எவ்வளவு விரிந்து நின்றாரோ அவ்வளவு சுருங்க இரண்டாம் ஆளுக்கு இடம் இருக்கிறது. ஆகவே தோள் எங்கே, தாடை எங்கே, கை எங்கே என்று இரண்டு காட்சிக்கும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முகபாவத்தைப் பற்றி எழுத விடாதீர்கள்.

வில்லன் பக்கம் வேண்டுமென்றால் 'அம்பிகாபதி' (1937) ருத்ரசேனன். ஆனால் அது நாடகக் கம்பெனித் தொனி. அந்தக் காலத்து ஒலிப்பதிவும் சேர்ந்து இன்றைய பிள்ளைகளுக்குக் காது பழக நேரம் பிடிக்கும். 10 நிமிடத்துக்கு மேல் போடாதீர்கள்.

கூடும்கழியும்:
'தில்லானா மோகனாம்பாள்' (1968) யாரும் சொல்லவில்லையே? தவில் முத்துராக்கு. நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பது ஊரறிந்தது. பாலையாவின் வேலை அதைக் கேட்டுக்கொண்டே தவிலோடு உட்கார்ந்திருப்பது. நகலெடுக்க விரும்புகிறவர்கள் தவறுவது கையில்: வலந்தலைப் பக்கம் (தவிலின் வலது முகம்) விரல்களில் கூடு (கெட்டியான உறை) போட்ட கை, தொப்பிப் பக்கம் (இடது முகம்) கழி (குச்சி). இதை மாற்றிப் பிடித்தாலே தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய தவறு, இரண்டு கையும் ஒரே அளவு ஆடுவது. கழி பிடித்த கை வீச்சாக வர வேண்டும், விரல் பக்கம் மணிக்கட்டுக்குக் கீழேயே வேலை முடிந்துவிட வேண்டும். தவில் கிடைக்காவிட்டால் ஒரு தலையணையை மடியில் வைத்துப் பழகலாம். முதுகின் நிலை அப்போதே வந்துவிடும்.

கொட்டகை:
நன்றி. கூட்டமாக மேடையில் நிற்கும்போது கேட்பதற்கு?

பழையரீல்:
'பாமா விஜயம்' (1967). அப்பா (பாலையா), மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள்: ஒரே வீட்டில் ஏழு பேர். 'வரவு எட்டணா' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மாணவர்களை நிறுத்தி, ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து, பாடாதவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் செய்யவையுங்கள். ஒருவர் எதிர்வினை காட்டும்போது மற்ற ஆறு பேரும் அடங்க வேண்டும் என்று விதி போடாவிட்டால் சந்தைக்கடை ஆகிவிடும். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், தூக்கம் வராது.