அம்மாவுக்கு வீட்டில் ஆள் வைத்த அனுபவம்: பாரிசவாதப் பயிற்சி முடிந்து வந்த பிறகு

ஆரையம்பதி, மகள்

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கும்போதுதான் பல வீடுகளில் "இனி ஆர் பார்க்கிறது?" என்ற பேச்சே எழும்புகிறது. எங்கள் பக்கத்தில் அதற்கு விடை முன்கூட்டியே இருக்கிறது. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், அப்பா அம்மா அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இருப்பார்கள், ஆகவே பார்ப்பதும் மகள்தான். எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். காலையில் வெளிக்கிட்டால் பின்நேரம்தான் வீடு. அந்த நேரம் முழுக்க அம்மாவோடு ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அந்த ஆளைத் தேடியதை எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

அம்மாவுக்குப் பாரிசவாதத்தில் (ஸ்ட்ரோக்) வலப்பக்கம் விழுந்தது. மட்டக்களப்பில் வார்ட்டில் இருந்து, பிறகு ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையில் பயிற்சி எடுத்து வீட்டுக்கு வந்தார். வரும்போது வோக்கரைப் பிடித்து முற்றம் வரை நடப்பார், இடக்கையால் சாப்பிடுவார், ஆள் பக்கத்தில் நின்றால் கொமோட் கதிரையில் தானாகவே இருந்து எழும்புவார். இதற்கு அங்குள்ளவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்று கண்ணால் பார்த்தேன். வீட்டில் வைக்கும் ஆள் இதைக் காப்பாற்றுகிறவராக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை.

முதலில் கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்தின் மூலம் ஒரு பிள்ளை வந்தது. நல்ல பிள்ளை, பயிற்சிச் சான்றிதழும் இருந்தது. தமிழ் தெரியாது. அம்மாவின் பேச்சு கொஞ்சம் குழறும், பழகிய நாங்களே காது கொடுத்துக் கேட்டால்தான் விளங்கும். அம்மா "ஒண்டுக்குப் போகணும்" என்றால் அந்தப் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து நீட்டும். அம்மா பேசுவதையே குறைத்துக்கொண்டார். பேச்சுப் பயிற்சி எடுத்து வந்தவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. தமிழ் தெரிந்தவரை அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. கட்டிய முற்பணமும் திரும்பவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பராமரிப்பாளர் பயிற்சி எடுக்காமல் இல்லை. தேசிய தொழில் தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் கையில் கிடைத்ததும் இஸ்ரேலுக்குப் போகப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தை இங்கே யார் கொடுப்பது? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

கடைசியில் கூடப் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் வவுணதீவுப் பக்கத்து அக்கா ஒருவரைக் கூட்டிவந்தார். குவைத்தில் ஒரு வயதான பெண்ணை வருடக்கணக்காகப் பார்த்தவர். சான்றிதழ் எதுவும் கிடையாது. வந்த அன்றே அம்மாவுக்குச் சட்டை மாற்றிவிடச் சொன்னேன், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை. அவர் முடியாத கையை முதலில் சட்டைக்குள் விட்டார், பிறகு நல்ல கையை. ராகமவில் எனக்குக் காட்டித்தந்ததும் இதே முறைதான். (கழற்றும்போது நல்ல கை முதலில்.) அப்புறம், பொத்தானைத் தான் பூட்டாமல் அம்மாவின் இடக்கையை எடுத்து அதில் வைத்துவிட்டு, "பூட்டுங்கம்மா, அவசரமில்ல" என்று கட்டில் ஓரத்தில் இருந்தார். அம்மா முதல் பொத்தானில் தடுமாறினார், அடுத்ததை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ளதைப் பூட்டினார். பக்கத்தில் நின்ற எனக்குக் கை துறுதுறுத்தது. அக்கா கையை நீட்டவே இல்லை. அப்போதே சம்பளம் பேசி முடித்துவிட்டேன்.

பாசமாகப் பார்க்கிற ஆளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. பெரியம்மா வந்தால் சோறு ஊட்டுவார். மாமி வந்தால் "பாவம், இந்த வயசில ஏன் புள்ள போட்டு வதைக்கிறாய்?" என்று வோக்கரைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவார். அவர்களிடம் நான் கெஞ்சித்தான் சொன்னேன்: ஊட்டினால் இடக்கையும் சோர்ந்துவிடும், தாங்கினால் காலும் நடையை மறந்துவிடும். அம்மா தன் முகத்தைத் தானே கழுவட்டும், எவ்வளவு நேரமானாலும் சரி.

வீட்டிலும் சில வேலைகள் செய்தோம். பதிவான கட்டிலுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தினோம். இருக்கும்போது பாதம் முழுதாக நிலத்தில் படவேண்டும், இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் எழும்ப லேசு. விறாந்தைப் படிக்குச் சீமெந்தில் சரிவு போட்டோம். கிணற்றடியில் குளித்தால்தான் அம்மாவுக்குக் குளித்த மாதிரி. அதனால் பாசியைத் தேய்த்து எடுத்துவிட்டு, அசையாத கதிரை ஒன்றும் பிடிக்கக் கம்பியும் அங்கேயே வைத்தோம்.

அக்காவோடு ஆரம்பத்திலேயே வேலையைத் தெளிவாகப் பேசிக்கொண்டோம். அம்மாவின் வேலை மட்டும்தான், வீட்டுச் சமையலும் எங்கள் உடுப்பும் அவர் தலையில் இல்லை. வேளாண்மை வெட்டுக் காலத்தில் அவருக்கு லீவு வேணும், மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கும் வேணும். மாரியில் வெள்ளம் ஏறினால் அவரால் வரமுடியாமல் போகலாம். அந்த நாட்களுக்கு மச்சாளுக்கும் எல்லாம் பழக்கிவைத்திருக்கிறோம். ஒரே ஆளை நம்பி இருக்காதீர்கள்.

சாய்ந்தமருது, மூத்த மகன்

தங்கச்சி, பொத்தான் விசயத்தை வாசித்ததும் எங்கட வாப்பாதான் ஞாபகம் வந்தார், அவருக்கும் பாரிசவாதம்தான். எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. குளிப்பாட்ட, கழுவிவிட ஆம்பிளை ஆள்தான் வேணும் என்று வாப்பா பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இந்த வேலைக்கு ஆண்கள் வருவது அரிது. வந்த ஒருவரும் இரவில் தங்கமாட்டார். கடைசியில் பகலுக்கு அவர், இரவுக்கு நாங்கள் பிள்ளைகளும் மருமக்களும் முறைபோட்டுப் பார்த்தோம். உம்மாவை இரவு முறையில் சேர்க்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தோம். அவவுக்கும் வயது போய்விட்டது, இரண்டு நோயாளி உள்ள வீடாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லவேணும். கை கால் தேறி வந்த நேரத்தில்தான் வாப்பா காரணமில்லாமல் அழ ஆரம்பித்தார். தொழுகையையும் விட்டுவிட்டார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளூ செய்யும்போது அடுத்தவரின் கையை எதிர்பார்ப்பது வெட்கம் என்று மறுகா சொன்னார். பள்ளிவாசல் மௌலவி வீட்டுக்கு வந்து, தண்ணீர் பாவிக்க முடியாதவருக்கு மண்ணைத் தொட்டுச் செய்யும் தயம்மும் போதும், கதிரையில் இருந்தபடியே தொழலாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கிளினிக்கிலும் அழுகையைப் பற்றிச் சொன்னோம். பாரிசவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு பலருக்கு வரும், அதற்கும் மருந்து உண்டு என்று டொக்டர் எழுதித் தந்தார். மௌலவி, டொக்டர் இருவருமே தேவைப்பட்டார்கள். உங்கட அம்மா பேசுவதைக் குறைத்தாலோ சாப்பாட்டில் மனமில்லாமல் இருந்தாலோ, வயசு என்று விட்டுவிடாதீர்கள்.

களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற தாதி

இருவரும் சொன்னது மிகச் சரி. வார்ட்டில் இருந்த காலத்தில் நான் பார்த்த ஒரு குறையைச் சொல்கிறேன். துண்டு வெட்டும் நாளில் மகனுக்கோ மருமகனுக்கோதான் எல்லாம் விளங்கப்படுத்துவோம். வீட்டில் உண்மையாகப் பார்க்கப்போகிறவர் அங்கே இருக்கமாட்டார். வைக்கப்போகும் ஆளை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வார்ட்டுக்குக் கூட்டிவாருங்கள். பிசியோதெரபிஸ்ட் தூக்குவதை அவர் பார்க்கவேணும், அவர் தூக்குவதைப் பிசியோதெரபிஸ்ட் பார்க்கவேணும்.

விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது. தோள் மூட்டு இறங்கிவிடும், பிறகு அந்த வலியிலேயே நோயாளி பயிற்சி செய்ய மறுப்பார். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது கதிரை நல்ல பக்கம் இருக்கட்டும்.

அடுத்தது விழுங்குதல். சோறு புரையேறும் என்றுதான் எல்லாரும் பயப்படுவார்கள், ஆனால் தண்ணீரும் தேத்தண்ணியும்தான் கூடுதல் ஆபத்து. நேராக நிமிர்த்தி இருத்தி, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலமாவது படுக்கவிடாதீர்கள். சாப்பிடும்போது குரல் ஈரமாகக் கரகரத்தாலோ அடிக்கடி இருமினாலோ டொக்டரிடம் காட்டவேண்டும். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு திரும்பி வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

எழும்பமுடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். எயார் மெத்தை வாங்கிவிட்டோம் என்று இருந்துவிட வேண்டாம், கரண்ட் போனால் அது வெறும் றப்பர்தான். பிரஷர் குளிசையை "இப்ப நல்லாத்தானே இருக்கார்" என்று நிறுத்தாதீர்கள். மறுபடியும் வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழம்பினாலோ உடனே 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சில நோயாளிகளுக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம், ஆனால் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று இருந்தால் அந்த நேரம் போய்விடும்.

உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரத் தாதி உத்தியோகத்தர் இருந்தால், வீட்டுக்கு வந்து பார்க்கமுடியுமா என்று விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 60 வயதானவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு. 70 தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுப்பனவும் உண்டு, கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள்.

வாழைச்சேனை, இப்போது கனடா

அக்கா, நாங்கள் மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில். அம்மா மட்டும் ஊரில், அடுத்த கிழமை துண்டு வெட்டுவார்களாம். காசு அனுப்பலாம். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று தெரியவில்லை.

ஆரையம்பதி, மகள்

தம்பி, காசு முக்கியம்தான், அதை மூன்று பேரும் தனித்தனியாக அனுப்பாமல் ஒருவர் சேர்த்து, ஊரில் நம்பிக்கையான ஒருவரின் கணக்குக்கு ஒரே திகதியில் அனுப்புங்கள். வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளம் ஒரு நாள்கூடப் பிந்தக்கூடாது. அவரிடம் பேசுவதும் ஒருவர் மட்டும் பேசுங்கள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் அவர் நின்றுபிடிக்கமாட்டார். துண்டு வெட்டும்போது தரும் நோய் விபர அட்டையையும் (டயக்னோசிஸ் கார்ட்) கிளினிக் கொப்பியையும் படம் எடுத்து எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அண்ணன் சுவிஸில். பயிற்சி செய்யும் நேரம் பார்த்து வீடியோவில் வருவார், அவருடைய சின்ன மகள் தமிழில் ஒன்று, இரண்டு என்று எண்ண, அம்மா கதிரையில் இருந்து எழும்பி எழும்பி இருப்பார். நான் கேட்டால் ஐந்தோடு நிறுத்துகிறவர், பேத்தி எண்ணினால் பத்தும் செய்வார். உங்கள் பிள்ளைகளையும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுங்கள். ஆள் தேடுவதற்கு வாழைச்சேனைப் பக்கம் யாரையாவது தெரிந்தவர்கள் இங்கே தம்பிக்குச் சொல்லுங்கள், நானும் ரீச்சரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.